ஐந்து மாதக் குழந்தைக்குக் கண் ஆடுகிறது: முதலில் எம்.ஆர்.ஐ.யா, கண் பரிசோதனையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: மகளுக்கு ஐந்து மாதம். மூன்றாம் மாதம் தொடங்கும்போதே இரண்டு கண்ணும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிட்டன. வெளியே வெயிலில் தூக்கிப்போனால் கண்ணை இறுக்கிக்கொள்கிறாள். நீங்களும் உங்கள் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். ஒரு மருத்துவர் வளர வளரச் சரியாகும் என்கிறார். இன்னொருவர் மயக்கம் கொடுத்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேனைப் பற்றிய கேள்வி போல இருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு: மூளையில் ஏதாவது கோளாறா, பிள்ளைக்குக் கண் தெரிகிறதா. இந்த இரண்டுக்கும் வேறு வேறு பரிசோதனைகள். எம்.ஆர்.ஐ. முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால் இரண்டாம் கேள்வியில்தான் அதிக வேலை இருக்கிறது. குழந்தைகள் கண் பிரிவில் பரிசோதனைப் பக்கம் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், எந்த வரிசையில் போக வேண்டும், ஏன் அந்த வரிசை என்று சொல்கிறேன். இங்கே எழுதியதைப் படித்து நோயின் பெயரைச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

கண் தானாக ஆடுவதை நிஸ்டாக்மஸ் என்கிறோம். இமை துடிப்பது இதில் சேராது. ஒரு பொருளின் மேல் கண்ணை நிலைநிறுத்தி வைக்கும் ஏற்பாடு பிறந்த முதல் சில மாதங்களில்தான் உருவாகிறது. அந்த நேரத்தில் விழித்திரையில் இருந்து தெளிவான படம் மூளைக்குப் போகாவிட்டால் அந்த ஏற்பாடு சரியாக அமையாது. கண் நழுவும், இழுத்துக்கொள்ளும், மறுபடி நழுவும். ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்கும் ஆட்டத்தில் கணிசமான பகுதிக்குக் காரணம் கண்ணுக்குள்ளேயே இருப்பது இதனால்தான். பிறவிக் கண்புரை, விழித்திரைக் கோளாறு, உடம்பில் நிறமி குறைந்து பிறக்கும் ஆல்பினிசம், பார்வை நரம்பு சிறுத்துப் பிறப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கண்ணில் எந்தக் குறையும் இல்லாமல் ஆட்டம் மட்டும் இருக்கிற குழந்தைகளும் உண்டு; சில குடும்பங்களில் அது எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.ஆர்.எம்.டி.7 என்ற மரபணு வழியாக வருகிறது. எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். முதல் நாளே அப்படிச் சொல்லிவிடுவது சோம்பேறித்தனம்.

"வளர வளரச் சரியாகும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் ஆட்டம் அகலமாகவும் மெதுவாகவும் இருக்கும். கண் எங்கோ அலைவது போலத் தெரியும். ஒரு வயதை ஒட்டி அது சிறிய, சீரான ஊசலாட்டமாகச் சுருங்கும். பிறகு ஒரு பக்கம் மெதுவாக நழுவி மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும் வடிவத்துக்கு மாறும். இப்படிச் சுருங்குவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் "குறைஞ்சிடுச்சு" என்று நிம்மதி அடைவார்கள். ஆட்டத்தின் அகலம் குறைந்திருக்கும், காரணம் அப்படியே இருக்கும். அதற்குள் கண்ணாடி போட்டிருக்க வேண்டிய ஒரு வருஷம் போயிருக்கும்.

வரிசைக்கு வருவதற்கு முன், எந்தச் சூழலில் இந்த வரிசையே செல்லாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கண் மேலும் கீழுமாக ஆடினால். ஒரு கண் மட்டும் ஆடினால், அல்லது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் ஆடினால். தராசுத் தட்டு போல ஒரு கண் ஏறும்போது மற்றது இறங்கினால். ஆறு மாதம் கழிந்த பிறகு புதிதாக ஆரம்பித்திருந்தால். கூடவே வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, தலைச்சுற்றளவு வேகமாகக் கூடுவது, நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறாமல் இளைப்பது, கற்றுக்கொண்டதை மறப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும், எம்.ஆர்.ஐ. முதலில் வர வேண்டும், அதுவும் சீக்கிரம். நன்றாகக் குடித்தும் இளைக்கும் குழந்தைக்குக் கண் நடுங்கினால், பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தை ஒட்டி ஒரு கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு கண்ணும் எல்லாத் திசையிலும் இடைவெளியே இல்லாமல் தெறித்துத் தெறித்து ஓடி, கை கால் உதறலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது நிஸ்டாக்மஸ் அல்ல, ஆப்ஸோக்ளோனஸ். அங்கே தேட வேண்டியது மார்பிலும் வயிற்றிலும் ஒளிந்திருக்கக்கூடிய நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியை. சிறுநீர்ப் பரிசோதனையும் மார்பு, வயிற்று ஸ்கேனும் தேவைப்படும். கண் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு, கூப்பிட்டால் கவனிக்காமல், வாயைச் சப்புவது போலச் செய்துவிட்டுச் சில நொடிகளில் தெளிந்தால் அது வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வேண்டும். வாந்திக்குக் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்துக்குப் பிறகு கண் மேலே செருகி நின்றுவிடுவதும் உண்டு, அது மருந்தின் வேலை. வலிப்புக்காக ஃபெனிடாயின் சாப்பிடும் குழந்தைக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது புதிதாகக் கண் ஆடினால் மருந்தின் அளவு கூடிப்போயிருக்கலாம். ரத்தத்தில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெளிச்சத்தில் கண்ணை இறுக்குவது என்றதும் உங்களிடம் உடனே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வழிகிறதா, கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகவோ நீலம் பூத்தது போல மங்கலாகவோ இருக்கிறதா? "பெரிய கண்ணு, அழகா இருக்கு" என்று ஊரே கொஞ்சிய கண்கள் பிறவி கிளாக்கோமாவாக, அதாவது கண் அழுத்த நோயாக இருந்தது உண்டு. பிறந்த குழந்தைக்குக் கருவிழியின் குறுக்களவு சுமார் 10 மில்லிமீட்டர். முதல் வருஷத்தில் 12ஐத் தாண்டினால் கண் அழுத்தம் பார்க்காமல் விடக்கூடாது. உறவில் திருமணமான குடும்பங்களில் இது கூடுதலாக வரும். அப்படி இருந்தால் இந்த வாரமே போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். செல்போன் ஃபிளாஷில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதே அவசரம்தான். கண்புரையாகவும் இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால், மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். செல்போனில் வீடியோ. பரிசோதனை அறையில் குழந்தை அழும், தூங்கும், கண்ணையே திறக்காது. வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ பல சமயம் அரை மணி நேரப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும். பகலில், ஜன்னலைப் பார்த்தபடி அம்மா மடியில் குழந்தையை உட்கார வையுங்கள், பக்கவாட்டில் சாய்க்காதீர்கள். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஓர் அடி தூரத்தில், இரண்டு கண்ணும் புருவமும் திரைக்குள் வரும்படி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். சாதாரண வேகத்தில் ஒரு முறை, ஸ்லோமோஷனில் ஒரு முறை. முதலில் தலையைப் பிடிக்காமல் எடுங்கள். தலை ஆடுகிறதா, கழுத்து சாய்கிறதா என்று தெரியும். பிறகு இன்னொருவர் தாடையை மெதுவாகப் பிடித்துக்கொள்ள, பொம்மையை நேராகவும், இடம், வலம், மேல், கீழ் என்றும் காட்டி ஒவ்வொன்றிலும் பத்து நொடி எடுங்கள். மேலே பார்க்கும்போதும் ஆட்டம் கிடைமட்டமாகவே இருக்கிறதா என்பது முக்கியமான குறிப்பு. சிறுவயதில் வரும் சாதாரண வகையில் அப்படித்தான் இருக்கும். அடுத்து உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்து எடுங்கள், பிறகு மற்றதை. மறைக்கும்போது மட்டும் ஆட்டம் கூடி, திறந்திருக்கும் கண்ணின் பக்கமாக வெட்டி இழுத்தால், அது மாறுகண்ணோடு சேர்ந்து வரும் வேறு வகை. கடைசியாக, தூங்கப்போகும் நேரத்தில் ஒன்று. ஆழ்ந்த தூக்கத்தில் ஆட்டம் நின்றுவிடுவது வழக்கம்.

தேதி விவரங்களும் தேவை. எந்த மாதம் முதலில் கவனித்தீர்கள் என்பதைச் சந்தேகம் இருந்தால் பழைய போட்டோ, வீடியோக்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள். குறைமாதப் பிறப்பா, இன்குபேட்டரில் ஆக்சிஜன் வைத்தார்களா, பிறந்ததும் சர்க்கரை இறங்கியதா, மஞ்சள் காமாலை வழக்கத்தைவிட நீண்டதா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். சர்க்கரை இறங்கியதும் காமாலை நீண்டதும் பார்வை நரம்புச் சிறுப்போடு சேர்ந்து வரும் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம். குழந்தை கட்டை விரலாலோ முஷ்டியாலோ கண்ணை அமுக்கி அமுக்கித் தேய்க்கிறாளா? கை கால்களில் ஆறாவது விரல் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது இரவில் பார்வை மங்கல், வெயிலில் கூச்சம், சிறு வயதில் கண்ணாடி? இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை கேட்டு ஒரு தாளில் வம்ச விளக்கம் வரைந்து கொண்டுபோங்கள். உறவுத் திருமணத்தைச் சொல்லத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லுங்கள், பரிசோதனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையே அது மாற்றும்.

இனி மருத்துவமனை. முதல் ஐந்து நிமிடம் குழந்தையைத் தொடாமல் பார்ப்பதுதான் நல்ல பரிசோதனை. எந்தத் திசையில், எவ்வளவு அகலம், நொடிக்கு எத்தனை முறை, இரண்டு கண்ணும் ஒன்றாகவா என்று ஒன்பது திசைக்கும் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்வார்கள். சில குழந்தைகளுக்கு ஆட்டத்தின் திசை ஒன்றரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே மாறும், ஆல்பினிசத்தில் இது அதிகம்; அரை நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டால் அது தெரியாமலே போகும். மிக நுண்ணிய ஆட்டம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குள் ஒளி விட்டுப் பார்க்கும் கருவியான ஆஃப்தால்மாஸ்கோப்பில் பார்வை நரம்பின் தலையைப் பார்க்கும்போதுதான் அது துள்ளுவது தெரியும்.

அடுத்தது, எவ்வளவு தெரிகிறது என்பது. சத்தம் வரும் பொம்மையைக் காட்டி "பார்க்குது" என்று எழுதுவதில் பயனில்லை, குழந்தை காதால் திரும்பியிருக்கும். ஓசையில்லாத பொருளோ, சிரிக்கும் முகமோ வேண்டும். ஒரு பக்கம் கோடுகளும் மறுபக்கம் வெறும் சாம்பல் நிறமும் உள்ள அட்டைகளைக் காட்டி, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்பது மேலும் நம்பகமானது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண் இடவலமாக ஆடும் குழந்தைக்கு அட்டையை வழக்கம்போலக் கிடைமட்டமாகப் பிடித்தால், அது கோட்டைப் பார்த்துத் திரும்பியதா, ஆட்டத்தில் திரும்பியதா என்று சொல்ல முடியாது. அட்டையைச் செங்குத்தாகத் திருப்பி, கோடுகள் மேலேயோ கீழேயோ வரும்படி பிடித்தால் கண் மேலே போவதும் கீழே போவதும் தெளிவாகத் தெரியும். கோடு போட்ட உருளையைச் சுழற்றும்போதும் அதே காரணத்துக்காக மேலிருந்து கீழாகத்தான் சுழற்ற வேண்டும்.

இன்னொரு பரிசோதனையில், பரிசோதகர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சில சுற்றுச் சுற்றி நிறுத்துவார். நின்ற பிறகும் கண் சிறிது நேரம் இழுக்கும். பார்வை இருக்கும் குழந்தைக்கு அது 5 நொடிக்குள் அடங்கிவிடும். பார்வை மிகக் குறைவாக இருந்தால் 15 நொடியைத் தாண்டும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், குழந்தையின் கழுத்துக்கு நல்லதல்ல.

பிறகு கண்மணி. விளக்கை அணைத்தால் கண்மணி விரிய வேண்டும். விளக்கை அணைத்ததும் முதலில் சில நொடி சுருங்கினால் விழித்திரைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணின் கண்மணி மட்டும் மந்தமாக வேலை செய்தால், சந்தேகம் பார்வை நரம்புப் பாதைக்குப் போகும், எம்.ஆர்.ஐ. முன்னுக்கு வரும். இருட்டறையில் கண்மணி வழியாக மெல்லிய ஒளியை விட்டுப் பார்க்கும்போது கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் சிவப்பாக ஒளிர்ந்தால் ஆல்பினிசத்தைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊர்க் குழந்தைகளில் ஆல்பினிசம் என்றால் பால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன் தம்பிகளைவிட ஒரு படி வெளுப்பாக, முடி கொஞ்சம் செம்பட்டையாக இருந்தாலே போதும். கண்ணை மட்டும் பாதிக்கும் வகையில் தோல் நிறம் சாதாரணமாகவே இருக்கும். அது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். பல சமயம் தாயின் விழித்திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஐரிஸே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால் அது அனிரிடியா. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் ஒரு குழந்தைக்கு மட்டும் அப்படி இருந்தால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வரும் வாய்ப்பு உண்டு என்பதால், மரபணுப் பரிசோதனை அந்த ஆபத்தை விலக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்டு எடுப்பார்கள், ஏழெட்டு வயது வரைகூடத் தொடரும். கண்ணைப் பார்க்கப் போனவர்களிடம் வயிற்று ஸ்கேன் கேட்டால் பயந்துவிடாதீர்கள்.

கண்ணாடிப் பவர் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து போட வேண்டும். நம் குழந்தைகளின் அடர்ந்த பழுப்புக் கண்ணுக்குப் பல இடங்களில் ஏட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். கீழிமையை இழுத்து அரிசி மணி அளவு வைத்து, மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்குள் இறங்காது. முகம் சிவந்து, உடம்பு அனலாகி, குழந்தை அமைதியில்லாமல் இருந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பரிசோதனை நாள் காலையில் களிம்பு வைத்தால் கண்ணெல்லாம் பிசுபிசுத்து உள்ளே எதுவும் தெரியாது. பவரே ஒரு துப்பு தரும்: மைனஸ் அதிகமாக இருந்தால் பிறவி மாலைக்கண் வகையும், பிளஸ் மிக அதிகமாக இருந்தால் லெபர் பிறவிப் பார்வையிழப்பும் நினைவுக்கு வர வேண்டும். இந்தப் பிறவி மாலைக்கண்ணுக்கும் வைட்டமின் ஏ குறைவுக்கும் தொடர்பில்லை. கேரட்டும் முருங்கைக்கீரையும் வேறு எதற்காவது நல்லது.

அதே நாளில் விழித்திரையைப் பார்ப்பார்கள். இங்கேதான் பெரும்பாலும் வழி தவறுகிறது. "ரெட்டினா நார்மல்" என்று எழுதிவிட்டால் கண்ணில் ஒன்றுமில்லை, மூளைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐந்து மாதத்தில் லெபர் வகையோ, நிறம் தெரியாத அக்ரோமடாப்சியாவோ, பிறவி மாலைக்கண்ணோ இருக்கும் குழந்தையின் விழித்திரை பார்ப்பதற்கு முழுக்க முழுக்கச் சாதாரணமாக இருக்கலாம். செல்கள் இருக்கும், வேலை செய்யாது. வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது இ.ஆர்.ஜி. ஒன்றுதான். விழித்திரைக்கு ஒளியைக் காட்டி, அது எழுப்பும் மின் அலையை அளக்கும் பரிசோதனை, இருதயத்துக்கு இ.சி.ஜி. போல.

உங்கள் மகளைப் போல வெளிச்சத்தில் கண்ணை இறுக்கும், உறவில் பிறந்த குழந்தைக்கு இதைத்தான் நான் எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் வைப்பேன். கைக்குழந்தைக்குக் கீழிமைக்கு அடியில் ஒட்டும் ஸ்டிக்கர் மின்முனை போதும், பெரும்பாலும் மயக்கம் தேவையில்லை. 20 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் குழந்தை அமைதியாக இருக்கும். முதலில் இருட்டில் மங்கிய ஒளி காட்டி, இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களையும், பிறகு வெளிச்சத்தில் நொடிக்கு 30 முறை சிமிட்டும் ஒளியில், பகல் பார்வைக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்களையும் பார்ப்பார்கள். கூம்பு அலை மட்டும் இல்லை என்றால் அக்ரோமடாப்சியா பக்கம். இரண்டும் தட்டையாக இருந்தால் லெபர் பக்கம். இருட்டில் பலமான ஒளி காட்டும்போது அலையின் முதல் இறக்கம் இருந்து அடுத்த ஏற்றம் குறைந்திருந்தால் பிறவி மாலைக்கண் பக்கம். ஆனால் முதல் வருஷத்தில் இ.ஆர்.ஜி. அலைகள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்தந்த வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும். "கொஞ்சம் குறைவு" என்ற ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாமல் ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை அழுதாலும், கண்ணை மூடினாலும், ஸ்டிக்கர் நழுவினாலும் அலை சிறுத்துவிடும். எடுத்தவர் குழந்தை எப்படி ஒத்துழைத்தது என்று எழுதியிருக்கிறாரா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

வசதி இருக்கும் இடத்தில், ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி.யும் எடுப்பார்கள். விழித்திரையின் நடுவில், கூர்மையான பார்வைக்கான ஃபோவியா என்ற குழி சரியாக உருவாகியிருக்கிறதா என்று அதில் தெரியும். குழியே உருவாகாமல் இருப்பது ஆல்பினிசத்திலும் அனிரிடியாவிலும் காணப்படும். எந்த அளவுக்குக் குறை என்பதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையும் உண்டு. கையில் பிடிக்கும் கருவி எல்லா ஊரிலும் இல்லை. இப்போது கிடைக்காவிட்டால் மூன்று வயதுவாக்கில் சாதாரண கருவியிலேயே எடுத்துக்கொள்ளலாம், இதற்காக மயக்கம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எப்போது? மேலே சொன்ன அபாயக் குறிகள் இருந்தால் முதலில். பார்வை நரம்பு வெளுத்தோ சிறுத்தோ இருந்தால் கட்டாயம். சிறுத்திருந்தால் கூடவே குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரும் வேண்டும். இ.ஆர்.ஜி.யும் மற்றப் பரிசோதனைகளும் எதையும் காட்டாமல், ஆட்டத்தின் தன்மையும் சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும் எடுக்க வேண்டும். எடுப்பதென்று முடிவானால் மூளையோடு கண்குழியையும் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெறும் "பிரெயின்" என்று எழுதினால் அந்த இடத்தில் மெல்லிய வெட்டுகள் எடுக்க மாட்டார்கள், ஒரு மயக்கம் வீணாகும். சி.டி. இதற்கு மாற்றாகாது, கதிர்வீச்சும் உண்டு. மயக்கத்துக்கு முன் தாய்ப்பால் 4 மணி நேரமும், பவுடர் பாலோ திட உணவோ 6 மணி நேரமும், தண்ணீர் 2 மணி நேரமும் நிறுத்துவது பொதுவான விதி. உங்கள் மருத்துவமனை சொல்வதே கடைசி வார்த்தை.

உங்களைப் பயமுறுத்திய இன்னொரு பெயரையும் கேள்வியில் குறிப்பிட்டிருந்தீர்கள், ஸ்பாஸ்மஸ் நூட்டன்ஸ். நடுங்கும் கண், ஆடும் தலை, சாயும் கழுத்து மூன்றும் சேர்ந்தது அது. சிறிய, மிக வேகமான, பெரும்பாலும் ஒரு கண்ணில் அதிகமாகத் தெரியும் நடுக்கம். வழக்கமாக நாலு மாதத்துக்குப் பிறகு வந்து சில ஆண்டுகளில் தானாக அடங்கும். உங்கள் விவரிப்போடு பொருந்தவில்லை. இந்தப் பெயரை முன்கூட்டியே சூட்டுவதிலும் சிக்கல் இருக்கிறது. அதே தோற்றத்தை மூளைக் கட்டியும் விழித்திரைக் கோளாறும் தரும். எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நான்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை: உங்கள் குழந்தைக்கு மருந்து போட்டு முழுக் கண் பரிசோதனையும் இ.ஆர்.ஜி.யும் தேவை, காத்திருப்பதில் லாபமில்லை. தொட்டிலுக்கு நேர் மேலே பொம்மை கட்டியதால் இது வரவில்லை, கர்ப்ப காலத்தில் டிவி பார்த்ததாலும் வரவில்லை. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விட்டால் தொற்றுதான் வரும். சிறுவயதிலேயே வந்த ஆட்டத்தில் குழந்தைக்கு உலகம் ஆடுவது போலத் தெரியாது, அந்தக் கவலையை விடலாம். உறுதியில்லாதது, பெரியவளானால் எவ்வளவு தெரியும் என்பது. கண்ணில் வேறு குறை இல்லாமல் ஆட்டம் மட்டும் என்றால் பலர் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சாதாரணமாகப் படிக்கிறார்கள். அக்ரோமடாப்சியா என்றால் 6/60 அளவில்தான் (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில் பார்ப்பது) தூரப் பார்வை நிற்கும், ஆனால் கிட்டத்தில் படிப்பார்கள். ஆல்பினிசத்தில் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். ஐந்து மாதத்தில் எண் சொல்கிறவரை நம்ப வேண்டாம், அது நல்ல எண்ணாக இருந்தாலும் சரி.

ஆட்டத்தையே நிறுத்தும் மருந்தோ சிகிச்சையோ இப்போதைக்கு இல்லை. கண்ணாடி போட்டால் நன்மை உண்டு. கூச்சத்துக்கு நிறக் கண்ணாடியும் தொப்பியும் உதவும். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆட்டம் குறையும் ஒரு கோணத்தைக் குழந்தையே கண்டுபிடித்துத் தலையைத் திருப்பிப் பார்க்கும். "தலையை நேரா வை" என்று அதட்டாதீர்கள், அந்தக் கோணத்தில்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். திருப்பம் அதிகமாக இருந்தால் நாலைந்து வயதுக்குப் பிறகு கண் தசை அறுவை மூலம் அந்தக் கோணத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். காபாபென்டின், மெமன்டின் மாத்திரைகள் பெரியவர்களில் ஓரளவு பலன் தந்திருக்கின்றன. கைக்குழந்தைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இ.ஆர்.ஜி.யில் விழித்திரைக் கோளாறு தெரிந்தால் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு காரணங்கள். லெபர் வகையில் ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு மரபணு சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது; விலை மிக மிக அதிகம், ஆனாலும் எந்த மரபணு என்று தெரிந்து வைத்திருப்பது பின்னால் பயன்படும். லெபர், அக்ரோமடாப்சியா போன்றவை பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் வகை என்பதால், அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது இரண்டாவது. இது யாருடைய குற்றமும் இல்லை; உங்கள் மனைவியின் தலையில் பழியைப் போடும் உறவினர்களிடம், பிழையான பிரதி இருவரிடமும் இருந்தால்தான் இந்த வகை வரும் என்று சொல்லுங்கள்.

எங்கே போவது என்றால், சென்னை, மதுரை, கோவையில் உள்ள பெரிய கண் மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவைப் பாருங்கள். போகும் முன் போனில் "கைக்குழந்தைக்கு இ.ஆர்.ஜி. எடுக்கிறீர்களா, மயக்கம் இல்லாமலா, எந்தக் கிழமை" என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், கருவி இருந்தும் கைக்குழந்தைக்கு எடுக்காத இடங்கள் உண்டு. அரசு வழியில் போக வேண்டுமானால் மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்தால் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், பார்வைத் தூண்டல் பயிற்சியும் அங்கே ஆரம்பிக்கலாம். நோயின் பெயர் தெரியும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பால் புகட்டும்போது அம்மா கறுப்பு வெள்ளைப் பட்டைக் கோடு போட்ட துணியைத் தோளில் போட்டுக்கொள்வது, ஓர் அடிக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுவது, பொம்மையைக் காட்டினால் அவள் பார்த்து முடிக்கும்வரை அசைக்காமல் பிடிப்பது ஆகியவற்றை இன்றைக்கே தொடங்கலாம்.